உள்ளே வரலாமா என்று பாடியவர்கள்

பேசுவதற்காக அழைக்கப்பட்ட ஊரில் நான் பேசியது குறைவு, கேட்டது அதிகம் என்று சொன்னால் என்னோடு படித்தவர்கள் நம்ப மாட்டார்கள். மதுரையில் நான் படித்த சட்டக் கல்லூரியில் சுழற்கோப்பைகள் வைக்கும் அலமாரியின் இரண்டு தட்டுகள் என்னால் நிரம்பியவை. ஒலிவாங்கி பழுதானால் அதை நகர்த்தி வைத்துவிட்டுக் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசுபவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

துபாயில் இயங்கும் தமிழ்ச் சங்கமொன்று வெள்ளிக்கிழமை மாலைப் பட்டிமன்றத்துக்கு எங்களை அழைத்திருந்தது. அயல்நாட்டு வாழ்வில் தமிழர் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்பது தலைப்பு. பெற்றதே என்னும் அணியில் நான் மூன்றாம் பேச்சாளர். நடுவரும் மற்றவர்களும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் வந்து சேர்வதாக ஏற்பாடு. நான் மட்டும் புதன்கிழமையே போய் இறங்கினேன்.

விமான நிலையத்தில் சங்கச் செயலாளர் கதிரேசன் அண்ணன் பொன்னாடையோடு காத்திருந்தார். தேவகோட்டைப் பக்கத்துக்காரர். சலவைக்கல் விற்கும் நிறுவனமொன்றில் கணக்கர். எனக்கு முன்னால் நடந்து சென்ற கோயம்புத்தூர் அம்மையார் ஒருவருக்கு அவர் அந்தப் பொன்னாடையைப் போர்த்திவிட்டார். அம்மையாரும் கைகூப்பி ஏற்றுக்கொண்டு, தம்மை அழைக்க வந்த மகனோடு போய்விட்டார். அண்ணன் சிறிதும் கலங்காமல் பைக்குள்ளிருந்து இன்னொன்றை எடுத்தார்.

“எப்பவும் ரெண்டு வச்சிருப்பேன் தங்கச்சி. ஆளு மாறுறது சகஜம். வந்தவங்களை நிக்க வைக்கிறதுதான் தப்பு.”

அவர் காரில் ஏறியதிலிருந்து வீடு சேரும்வரை ஒருவரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. மதுரையில் வண்டி ஓடுகிறது என்பதற்கு அடையாளமே அந்த ஓசைதான். இங்கே அது வசவுச் சொல்லுக்குச் சமமாம். சாலையின் இருபுறமும் பாரந்தூக்கிகள் நின்றன. கட்டி முடித்த கட்டடங்களைவிடக் கட்டிக்கொண்டிருப்பவை அதிகம் தென்பட்ட ஆண்டுகள் அவை.

இரவு உணவு அண்ணன் வீட்டில். அவர் மனைவி மீனாட்சி அண்ணி கோழி வறுவலும் குழிப்பணியாரமும் ஒரே தட்டில் வைத்தார். பட்டிமன்றத் தலைப்பைக் கேட்டதும் கரண்டியை நிறுத்தினார்.

“நாங்க பெத்தோமா இழந்தோமான்னு மெட்ராஸ்ல இருந்து வந்து நீங்க சொல்லப் போறீங்களா?”

“மதுரையிலிருந்து” என்று திருத்தினேன்.

“சரி, மதுரையில இருந்து. இன்னும் ரெண்டு பணியாரம் வச்சுக்கங்க. பேச்சுக்குத் தெம்பு வேணும்ல.”

அந்த இரண்டையும் சாப்பிட்டேன்.

என்னைத் தங்க வைத்த இடம், பர் துபாயில் கோயில் சந்துக்குப் பின்புறம் தர்ஷினி அக்காவின் அறை. மானிப்பாயைச் சேர்ந்த அவருக்கு முப்பது வயதிருக்கலாம். கப்பல் முகவர் அலுவலகமொன்றில் சரக்குப் பத்திரங்கள் தயாரிக்கிறார். வியாழன் காலையில் குழல் புட்டும் தேங்காய்ச் சம்பலும் வைத்துவிட்டு என் எதிரே அமர்ந்தார். அறை மூலையில் ஒரு பெரிய சுரைக்குடுவையும் அதன் தலைமேல் ஒட்டிய சிறிய குடுவையுமாக ஏதோ ஒன்று இருந்தது.

“தண்ணீர் வைப்பதா, அக்கா?”

“இல்லையப்பா, அது மத்தளம் மாதிரி. கையால தட்டி, நிலத்தில குத்தி வாசிக்கிறது. ஹூலாவுக்கு.”

ஹூலா என்றதும் எனக்குத் திரைப்படங்களில் கண்ட புல்லாடையும் இடுப்பசைவும்தான் நினைவுக்கு வந்தன. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

“நீர் நினைக்கிறது எனக்குத் தெரியும். படத்தில காட்டுறது வேற. ஹவாய்க்காரர் இதை இசைக்கு ஆடுறதில்லை, சொல்லுக்கு ஆடுறவை. சொல்லு இல்லையெண்டால் ஆட்டம் இல்லை. மழை எண்டு பாடினால் கை மழையாக வேணும், கண்ணும் அந்தக் கையோட போக வேணும்.”

சொல்லுக்கு முதலிடம் தரும் எந்தக் கலையையும் ஏற்க நான் அணியமாக இருப்பவள். மேலே சொல்லுங்கள் என்றேன்.

மூன்று ஆண்டுகளாக அவரும் இன்னும் ஏழு பெண்களும் மிச்சிகோ என்ற ஒசாகாப் பெண்மணியிடம் ஹூலா கற்று வருகிறார்கள். மிச்சிகோவின் கணவர் பாலம் கட்டும் பொறியாளர். பாலம் முடிந்துவிட்டது, அடுத்த மாதம் இருவரும் ஊர் திரும்புகிறார்கள். மிச்சிகோவுக்கு ஹவாயில் ஓர் ஆசிரியர் உண்டு. ஆசிரியரை அவர்கள் மொழியில் கூமு என்பார்கள். வளைகுடா நாடுகளில் ஹூலா கற்பவர்கள் கூடி நடத்தும் விழாவுக்கு அந்தக் கூமு தம் குழுவோடு துபாய் வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கடற்கரைப் பூங்காவில் மேடை. அங்கே இந்த எட்டுப் பேரையும் அவர் தம் மாணவர் வழியில் ஏற்றுக்கொண்டால், மிச்சிகோ போன பிறகும் வகுப்பு நடக்கும், தர்ஷினி அக்கா நடத்துவார். ஏற்காவிட்டால் மிச்சிகோவோடு வகுப்பும் முடிந்துவிடும்.

“எப்படி ஏற்பார்? தேர்வு வைப்பாரா?”

“ஓம், வாசலில. நாங்கள் வெளியில நிண்டு, உள்ள வரலாமோ எண்டு பாடிக் கேக்க வேணும். அவர் உள்ளுக்கு இருந்து பாட்டில மறுமொழி சொன்னாத்தான் போகலாம். சொல்லாட்டில் திரும்பவும் பாட வேணும். மூண்டு தரம். அதுக்குப் பிறகும் சத்தமில்லையெண்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

அன்று அரைநாள் வேலை. மதியம் டேராவில் அவருடைய அலுவலகத்தருகே சந்தித்து, அப்ரா என்னும் மரப்படகில் கழிமுகத்தைக் கடந்து பர் துபாய்க்குத் திரும்பினோம். படகு கரையைத் தொட்டதும் எல்லாரும் குதித்தார்கள். நானும் குதித்தேன், என் இடது செருப்பு மட்டும் குதிக்கவில்லை. அது நீரில் மிதந்து இன்னொரு படகின் அடியில் புகுந்தது. படகோட்டி வங்காளி. “அது டேராவுக்குப் போகிறது, நாளை திரும்பி வரும்” என்று இந்தியில் ஆறுதல் சொன்னார்.

மிச்சிகோவின் வீட்டுக்கு வெறுங்காலோடு போனேன். அங்கே எல்லாருமே வெறுங்காலோடு நின்றதால் முறை தெரிந்தவள் என்று என்னை மிச்சிகோ மெச்சினார்.

எட்டுப் பேரில் நால்வர் பிலிப்பைன்ஸ், இருவர் ஜப்பான், ஒருவர் மலையாளி செவிலியர், ஒருவர் தர்ஷினி அக்கா. மிச்சிகோ உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார். எண்மரும் வாகனக் கொட்டகையில் வரிசையாக நின்று பாடினார்கள். தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், எங்களை அழையுங்கள் என்பது அதன் பொருளாம். இழுத்து இழுத்து, அடித்தொண்டையிலிருந்து அதிர்ந்து வரும் பாட்டு. எல்லாக் குரல்களுக்கும் மேலே தர்ஷினி அக்காவின் குரல் கூர்மையாக எழுந்தது. உள்ளிருந்து விடையில்லை.

இடைவேளையில் அவரிடம் சொன்னேன்: “உங்கள் குரல் தனித்துக் கேட்கிறது, அக்கா. மேடைக்கு அதுதான் வேண்டும்.”

“அதுதான் பிழை” என்றார். “தனிச்சுக் கேக்கக் கூடாது. நான் விட்டால் மற்றவை விட்டுடுவினமோ எண்ட பயத்தில முந்திப் போறன். தெரியுது. நிப்பாட்ட முடியேல்லை.”

தனித்துக் கேட்பதற்காகவே தொண்டையைப் பயிற்றுவித்தவள் நான். தனித்துக் கேட்டுவிடுமோ என்று ஒருவர் அஞ்சுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதை அவரிடம் மறுத்துப் பேசினேன். பழக்கம் அப்படி. அவர் சிரித்துவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்றார்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது சன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடம் இல்லை. இரவோடிரவாகப் புழுதிக்காற்று எழுந்திருந்தது. வானம் செங்கல் தூள் கரைத்த நீர்போல் தொங்கியது. எட்டு மணிக்கு அக்காவின் கைபேசி ஒலித்தது, மிச்சிகோதான். கடற்கரை மேடையின் துணி கிழிந்து பறந்துவிட்டது, விழாவைத் திறந்தவெளியில் நடத்த இயலாது, வேறு அரங்கும் இல்லை. கூமு ஞாயிறன்று ஊர் திரும்புகிறார்.

தர்ஷினி அக்கா கைபேசியைக் கட்டிலில் வைத்தார். பிறகு எடுத்துக் கதிரேசன் அண்ணனை அழைத்தார். பட்டிமன்றத்துக்காகச் சங்கம் ஒரு பள்ளியின் அரங்கை நாள் முழுவதும் எடுத்திருந்தது. அண்ணனின் குரல் எனக்கே கேட்டது.

“ஆறரைக்குத்தான் நமக்கும்மா. ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் நீங்க வச்சுக்கங்க. ஒரே ஒரு கண்டிஷன். வாசல் வரவேற்பு நம்ம சங்கத்துது. ஊர்பேர் தெரியாத ஊர்ல இருந்து வந்திருக்காங்க, நாம ஒழுங்கா வரவேற்கணும்.”

அந்த நிபந்தனையை நாங்கள் இருவரும் அன்பின் வெளிப்பாடாகவே எடுத்துக்கொண்டோம். அதுவும் உண்மைதான்.

ஆடுபவர்கள் அணியும் மாலைக்கு இலை தேட வேண்டியிருந்தது. ஹவாயிலிருந்து கொண்டுவந்த பச்சிலை மாலைகள் விமான நிலையத்தைத் தாண்டவில்லை. எந்த நாட்டிலும் செடிகொடிகளுக்குச் சோதனை உண்டு. வாடிய இலையையோ நெகிழியையோ அணிந்து ஆடக் கூடாது என்பது முறை. கோயில் சந்துப் பூக்கடையில் வெற்றிலைக் கட்டுகளும் மருக்கொழுந்தும் வாங்கினோம். எண்மரும் அறையில் அமர்ந்து பாடிக்கொண்டே கழுத்துக்கும் தலைக்கும் மணிக்கட்டுக்கும் தாங்களே தொடுத்துக்கொண்டார்கள். மாலையைத் தொடுக்கும் கை வேறு, அணியும் கழுத்து வேறாக இருக்கக் கூடாதாம்.

வாடகைக் காரில் சுரைக்குடுவை என் மடியில் பயணம் செய்தது. ஓட்டுநர் பெஷாவர்க்காரர். கண்ணாடி வழியே பலமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: “சகோதரி, இந்தக் காயை எத்தனை பேர் சாப்பிடுவீர்கள்?” புழுதியில் திருப்பத்தைத் தவறவிட்டு எங்களை ஷார்ஜா எல்லைவரை கொண்டுபோய்த் திருப்பினார். பள்ளியை அடைந்தபோது தலைமுடி, புருவம், மருக்கொழுந்து எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன.

அரங்கு காலியாக இருக்கும் என்று எண்ணியிருந்தோம். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. அபுதாபி முசஃபாவிலிருந்து பட்டறைத் தொழிலாளர்கள் பட்டிமன்றம் கேட்க வந்திருந்தார்கள். கம்பெனி வண்டி மதியம்தான் கிடைத்ததாம். முன்வரிசையில் இருந்தவர் பால்பாண்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்து வெல்டர்.

“பட்டிமன்றம் சாயங்காலந்தானே?” என்றேன்.

“வண்டி வந்துருச்சு, நாங்களும் வந்துட்டோம். கேம்ப்புல படுத்துக் கெடக்குறதுக்கு இங்க ஏசியில படுத்துக் கெடக்கலாம்ல. மொதல்ல என்னக்கா?”

“ஹவாய் நாட்டு நடனம்.”

அவர் பின்வரிசைக்குத் திரும்பினார். “ஏய், டான்சுடா. தூங்குறவய்ங்கள எழுப்பு.”

மஸ்கட், பஹ்ரைன், தோஹா நகரங்களிலிருந்து வந்த குழுக்கள் ஓரத்தில் அமர்ந்தன. கூமு மேடையில் பாய்மேல் உட்கார்ந்தார். நாற்பதைக் கடந்த பருத்த மனிதர். ஊரில் தீயணைப்பு வீரராம். அவருடைய குழுவே முதலில் ஆடியது. அவர் குடுவையைத் தரையில் குத்தி உள்ளங்கையால் தட்டிப் பாடப் பாட, பன்னிரண்டு பேரின் முழங்கால்கள் ஒன்றாக வளைந்தன. கைகள் அலையாகிப் பின்வாங்கின, மலையாகி நின்றன, நெருப்பாகிக் கீழிறங்கின. ஓரிடத்தில் ஒருவர் மட்டும் தலையைச் சற்றே திருப்பினார். காற்று திசைமாறிவிட்டது என்று எனக்குத் தோன்றியது. பரதத்தில் முத்திரை பேசும்போது முகம் ஒன்பது சுவைகளையும் சேர்த்துப் பேசும். இங்கே முகம் அமைதியாக இருந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் ஒப்பீட்டை முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

முசஃபாக்காரர்கள் சீட்டியடித்தார்கள். பால்பாண்டி மட்டும் தம் கையை அலைபோல் மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து எண்மரின் முறை. அரங்கின் பின்புறம் இரட்டைக் கதவுகளைச் சாத்தி, அவர்கள் வெளித் தாழ்வாரத்தில் நின்றார்கள். கதவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி பதித்திருந்தது. உள்பக்கம் கதிரேசன் அண்ணன் பன்னீர்ச் செம்போடும், மீனாட்சி அண்ணி சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டுமாகவும் நின்றார்கள். மிச்சிகோ மேடையருகே கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் முறை பாடினார்கள். கதவைக் கடந்து வந்தது ஒரு குரல், அதன் பின்னே ஏழு. கூமு குடுவைமேல் கை வைத்தபடி அசையாமல் இருந்தார்.

“என்ன தங்கச்சி, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு?” என்றார் அண்ணன்.

“அது முறைதான் அண்ணே, பொறுங்கள்.”

இரண்டாம் முறை. காற்று வலுத்துக் கண்ணாடியில் புழுதியை அறைந்தது. நடுவில் ஒருவர் இருமினார். அக்காவின் குரல் இன்னும் உயர்ந்து, மற்றவர்களை இழுத்துக்கொண்டு ஓடியது. மேடையில் அமைதி.

“எட்டுப் பொம்பளப் புள்ளைங்க, வெறுங்கால், புழுதியில நின்னு கெஞ்சுதுங்க” என்று அண்ணி மெல்லச் சொன்னார். “நாம உள்ள நின்னு பாக்குறோம்.”

அந்தச் சொல்லை அண்ணனால் தாங்க முடியவில்லை. நான் கைநீட்டுவதற்குள் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார். “வாங்கம்மா, வாங்க வாங்க, எவ்வளவு நேரந்தான் நிப்பீங்க, நம்ம மண்டபம்தான்” என்று சொல்லிக்கொண்டே எண்மர் மீதும் பன்னீரைத் தெளித்தார். அண்ணி முதலில் நின்ற செவிலியரின் கையில் சந்தனத்தைத் தடவினார். பின்னால் வீசிய காற்று தள்ள, அண்ணன் முன்னால் அழைக்க, எட்டுப் பேரும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். விருந்தினர் வந்துவிட்டதாகக் கருதி முசஃபா முழுவதும் எழுந்து கைதட்டியது.

“வெத்தல மாலை போட்டு வர்றாய்ங்கடா, நம்ம அனுமாருக்குப் போடுவோம்ல” என்றது ஒரு குரல்.

கூமு கைதட்டவில்லை. மிச்சிகோவின் முகம் வெளுத்திருந்தது. அழைக்கப்படாமல் உள்ளே வந்தவர்கள் ஆட முடியாது. எண்மரும் கற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னேயும் போகாமல் பின்னேயும் போகாமல் நின்றார்கள். தர்ஷினி அக்கா அண்ணனைக் கும்பிட்டார்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ. நாங்கள் திரும்பி வெளியில போக வேணும்.”

அவர் திரும்பி நடந்தார். ஏழு பேரும் பின்தொடர்ந்தார்கள். கைதட்டல் ஒழுங்கில்லாமல் ஓய்ந்தது.

“நான் என்னம்மா தப்புப் பண்ணிட்டேன்?” அண்ணன் என்னிடம் கேட்டார். செம்பு அவர் கையில் சாய்ந்து பன்னீர் சட்டையில் வழிந்தது. காதோடு விளக்கினேன். அவர் கதவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். “இத மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா” என்றார்.

கூமு என்னைக் கையசைத்து அழைத்தார். ஆங்கிலத்தில் கேட்டார்: “கதவைத் திறந்தவர் யார்?”

“எங்கள் சங்கச் செயலாளர். எங்கள் வழக்கத்தில் வாசலில் ஒருவரை நிற்க வைப்பது அவமதிப்பு.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “என் வீட்டிலும் அத்தைமார் எல்லாரும் இதையேதான் செய்வார்கள். ஆனால் அவருடைய அன்பைக் கேட்டு நான் மறுமொழி சொல்ல முடியாதே. அந்தப் பெண்களைக் கேட்டுத்தானே சொல்ல வேண்டும். அவர்கள் தாமாக வெளியே போனது நல்லது. இன்னும் ஒரு முறை இருக்கிறது. இந்த ஆண்களைக் கொஞ்சம் அமைதியாக இருக்கச் சொல்வீர்களா?”

ஒலிவாங்கி என் கைக்கு வந்தது. அவையைக் கண்டால் எனக்கு ஒரு நடை உண்டு. “அரபிக்கடலின் அலைகளைத் தாண்டி, பசிபிக் பெருங்கடலின் தீவுகளைத் தொட்டு, இன்று இந்த அரங்கிலே கூடியிருக்கின்ற பெருமைக்குரிய தமிழ்ச் சொந்தங்களே” என்று தொடங்கினேன். ஹவாயின் தொன்மை, தமிழின் தொன்மை, கடல் இரண்டையும் இணைப்பது என்று மூன்று வாக்கியங்கள் வளர்த்தேன். நான்காவதற்கு மூச்செடுத்தபோது முன்வரிசையிலிருந்து பால்பாண்டி எழுந்தார்.

“யக்கா, சத்தம் போடக் கூடாது, அவ்வளவுதானே? சொல்லிட்டீகல்ல, கலாஸ், முடிஞ்சுபோச்சு. எறங்குங்க. அந்தப் புள்ளைக வெளிய நிக்கிதுக.”

அரங்கு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு இறங்கினேன். சிரிப்பு அடங்கியதும் உண்மையிலேயே அமைதி வந்தது. பட்டறை இரைச்சலிலேயே நாளெல்லாம் நிற்பவர்கள் அவ்வளவு பேர், நாற்காலி கூட நகராமல் இருந்தார்கள்.

நான் பின்கதவுக்கு வந்து கண்ணாடி வழியே பார்த்தேன். அண்ணன் இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, இனி எவரும் திறந்துவிடாதபடி காவல் நின்றார்.

மூன்றாம் முறை தொடங்கியது. இரண்டு வரி வந்திருக்கும். அடுத்த தெருப் பள்ளிவாசலிலிருந்து பிற்பகல் தொழுகைக்கான அழைப்பு எழுந்தது. இந்த ஊரில் அந்த அழைப்பு ஒலிக்கையில் எந்தப் பாட்டும் நிற்கும். வெளியே எண்மரும் வரியின் நடுவிலேயே நிறுத்தினார்கள். மேடையில் கூமு குடுவையை மெல்லப் படுக்க வைத்தார். பாதியில் முறிந்தது கணக்கில் சேருமா சேராதா? மிச்சிகோவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.

அழைப்பு நீண்டது. தாழ்வாரத்தில் ஏழு பெண்களும் தர்ஷினி அக்காவையே பார்த்தார்கள். அவர் எடுத்துக் கொடுப்பார் என்று காத்தார்கள். அவர் கண்களை மூடியிருந்தார். உதடுகளும் மூடியிருந்தன. அழைப்பு ஓய்ந்த பிறகும் அவர் தொடங்கவில்லை. ஏழு பேரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். எண்மரின் தோள்களும் ஏறி இறங்கின. மறுபடி ஏறின. யாரும் சைகை காட்டவில்லை, முதல் வரியிலிருந்து பாட்டு எழுந்தது.

இரண்டு நாளாகக் கேட்டுப் பழகிய அக்காவின் குரலை நான் தேடினேன். இருந்திருக்கும். பிரித்தெடுக்க முடியவில்லை. சாத்திய கதவு, புழுதி, குளிர்சாதனத்தின் இரைச்சல் எல்லாவற்றையும் தாண்டி ஒரே குரல் வந்தது. அது பெரிய குரல் அன்று. ஆனாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது.

பாட்டு முடிந்தது. கூமு தலையைச் சாய்த்து, முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். குடுவையை நிமிர்த்தினார். ஒரு முறை தரையில் குத்தினார். பிறகு அவருடைய பருத்த உடலிலிருந்து மறுமொழிப் பாட்டு புறப்பட்டு அரங்கின் நீளத்தைக் கடந்து கதவுக்கு வந்தது.

அண்ணன் கைப்பிடியை விடாமல் என்னைப் பார்த்தார். “இப்பத் தொறக்கலாமாம்மா?”

“இப்போது திறக்கலாம், அண்ணே.”

அவர்கள் பாடிக்கொண்டே நுழைந்தார்கள். இம்முறை பன்னீர் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆட்டத்தில் ஓரிடத்தில் இரண்டு கைகளும் மார்பருகே குவிந்து விரிந்தபோது மீனாட்சி அண்ணியின் விரல்கள் சந்தனக் கிண்ணத்தோடு சேர்ந்து விரிந்தன. அவர் அதை அறியவில்லை.

ஆடி முடித்ததும் கூமு மேடையிலிருந்து இறங்கி வந்து, நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் வைத்து மிச்சிகோவை வணங்கினார். எண்மரிடமும் கேட்டார்: “இவர் போன பிறகு கதவுக்கு உள்ளே யார் இருப்பது?” ஏழு பேர் தர்ஷினி அக்காவைப் பார்த்தார்கள்.

“நான்தான்” என்றார் அவர், மிகச் சிறிய குரலில்.

“முதல் இரண்டு முறையும் உங்களை நன்றாகக் கேட்டேன். உங்களை மட்டும்தான் கேட்டேன். மூன்றாம் முறை நீங்கள் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.” அவர் அக்காவின் நெற்றியில் நெற்றி வைத்தார். “கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து நீங்களும் அப்படித்தான் தேட வேண்டும். வகுப்பு உங்களுடையது.”

மிச்சிகோ அழுதார். அக்கா அழவில்லை. மாலையிலிருந்து உதிர்ந்த வெற்றிலை ஒன்றைக் குனிந்து எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் என் கையில் தந்தார்.

மாலையில் பட்டிமன்றம் நடந்தது. பெற்றதே என்று என்னால் இயன்றவரை பேசினேன். இழந்ததே அதிகம் என்று நடுவர் தீர்ப்பளித்தார். அவர் மதியம் அரங்கில் இல்லை. வெளியே வண்டியில் ஏறும்போது பால்பாண்டி என்னைத் தேற்றினார்: “நீங்க நல்லாத்தான்க்கா பேசுனீக. ஆனா மதியம் மூணு வாக்கியம் பேசுனீகள்ல, அதுல ரெண்டு கொறைச்சிருந்தா இன்னும் நல்லாருந்துருக்கும்.”

சனிக்கிழமை காலையில் புழுதி அடங்கி வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. ஆடியபின் மாலைகளை நீருக்கோ மண்ணுக்கோ திருப்பித் தர வேண்டும் என்பதால், அப்ரா ஒன்றை அமர்த்திக்கொண்டு கழிமுகத்துக்குள் சென்றோம். கூமு, மிச்சிகோ, எண்மர், அண்ணன், அண்ணி, நான். நூலை அறுத்து இலைகளை மட்டும் கையில் எடுத்ததும் படகோட்டி தடுத்தார்.

“குப்பை போட்டால் அபராதம்.”

“குப்பையில்லை, இது வழிபாடு” என்றார் அண்ணன் இந்தியில்.

படகோட்டி கரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “அப்படியானால் நடுவில் போடுங்கள், அங்கே யாரும் பார்ப்பதில்லை” என்று சொல்லிப் படகைத் திருப்பினார்.

வெற்றிலைகள் நீரில் பச்சையாக மிதந்து பிரிந்தன. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“தர்ஷினி, ஒரு விஷயம். எங்க வீட்டம்மா வகுப்புல சேரணும்ங்கிறா. நீ தப்பா நினைக்காதே. கதவுப் பக்கமே நான் வர மாட்டேன்.”

“அண்ணிக்குக் கதைக்க வாய் இல்லையோ?”

மீனாட்சி அண்ணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார். “எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சும்மா. கல்யாணத்துக்குப் பொறவு கையை ஆட்டினதெல்லாம் அடுப்படியிலதான். என்னால ஆகுமா?”

தர்ஷினி அக்கா நீரில் கைகளை அலசி, ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த வெள்ளி பத்து மணிக்கு வாங்கோ. வாசலில மற்றவையோட நிண்டு பாடுங்கோ, அண்ணி. நான் உள்ளுக்கிருந்து கேக்கிறன்.”